அரட்டையும் நம் வகுப்புக் குழுவும்
(நாசரேத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மெல்லக் கற்கும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் குழுவில் பதிவிட்டேன். மாலை வகுப்புக்கு வரச் சொல்வதே நோக்கம். மூன்றாம் நாள் ஒரு தாய் வந்து நின்றார். “சார், எம் புள்ளைக்குப் படிப்பு ஏறலியான்னு திருச்செந்தூர்லருந்து எங்க மைனி போன் போட்டுக் கேக்காவ” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகுதான் இந்தச் செயலிகள் எப்படி இயங்குகின்றன என்று படிக்கத் தொடங்கினேன். நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் ‘அரட்டை’ செயலியை வெளியிட்டது. வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை குறித்து நாடெங்கும் பேச்சு எழுந்திருந்த நேரம் அது. திறன் குறைந்த கைப்பேசியிலும், வேகம் குறைந்த இணையத்திலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். தேரிக்காட்டோரப் பிள்ளைகளின் வீட்டுக் கைப்பேசிகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை நமக்குப் புரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் அது சிறிதாகவே நடந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆயின என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். ஓடிபி வரத் தாமதமானது, அழைப்புகள் தடைபட்டன. சர்வர்களை அவசரமாகக் கூட்டினார்கள். அதைவிடப் பெரிய கேள்வி வேறு. அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம், எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை. அஞ்சல் அட்டைக்கும் ஒட்டிய உறைக்கும் உள்ள வேறுபாடுதான் இது. அட்டையைத் தபால்காரரும் படிக்கலாம். மக்கள் கேட்டார்கள்; தனிநபர் உரையாடல்களுக்குப் பின்னர் அந்தப் பாதுகாப்பு வந்தது. நிதானமாக வளர்ந்திருந்தால் கூட்டம் வருமுன்பே உறையை ஒட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் என் பட்டியலைக் காத்திருக்காது. அறுபது பேர் முன் அதைப் பிரித்து வைத்தவன் நான்தானே! 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நாமோ ஒளிப்படம், மதிப்பெண், விடுப்புக் காரணம் எல்லாவற்றையும் ஒரே குழுவில் கொட்டுகிறோம்.

இப்போது என் குழுவில் நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்ப முடியும். விடுமுறை, தேர்வு நாள், பெற்றோர் கூட்டம் தவிர வேறெதுவும் அதில் வராது. படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நேரில், அல்லது அந்தப் பெற்றோருக்கு மட்டும் தனி அழைப்பு. இதனால் வேலை கூடியிருக்கிறது, உண்மைதான்.

அன்று குழுவிலிருந்து விலகிய அந்தத் தாய் இன்னும் திரும்பச் சேரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, மாலையில் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.