ஏழாயிரம் ரூபாய் ஏலக்காயும் ஒரு லட்சம் டாலர் விசாவும்



போடியில் நடக்கும் இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்புக் கொடுக்க வந்தவர்கள், "ஐயா, அரசியல் மட்டும் வேண்டாம்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். போடி அரசியல் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அமெரிக்க அரசியலைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வங்கியில் விவசாயக் கடன் பார்த்த ஆள். ஊரும் இந்தப் போடிதான். அதனால் எதைப் பேசினாலும் ஏலக்காயில்தான் தொடங்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி. மலைக்கு மேலே புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கேள்விப்படாத விலை. போடியில் டீக்கடை, சலூன், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் அதே பேச்சு. "இனிமே இறங்காதுங்க, அரபு நாட்டுக்காரன் என்ன விலை கொடுத்தாலும் வாங்குவான்" என்று ஏலத்தோட்டத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூடச் சொன்னார்கள்.

அந்த விலை எப்படி வந்தது? 2018 ஆகஸ்டில் பெருமழை, மண்சரிவு. தோட்டம் தோட்டமாகச் செடி அழுகிப்போனது. தப்பிய செடியை 2019 கோடை வறட்சி வாட்டியது. ஸ்டோரில் காய வைக்கக் காய் இல்லை. காய் இல்லாததால்தான் 7,000. அதுவும் ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதற்குக் கணிசமாகக் கீழே. ஆனால் சராசரியைப் பற்றி டீக்கடையில் யார் பேசுகிறார்கள்?

அந்தப் பேச்சை நம்பிக் குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள், கன்று வாங்கி நட்டார்கள், போர் போட்டார்கள். ஏலச்செடி நட்டு ஒழுங்காகக் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்தக் காய் போடிக்கும் புத்தடிக்கும் வந்து சேர்ந்தபோது சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. குத்தகைப் பணமும் வட்டியும் இறங்கவில்லை. நட்டவர்கள் எல்லாரும் விலையைப் பார்த்தார்கள். அந்த விலை ஏன் வந்தது என்று பார்த்தவர்கள் குறைவு.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது பொருளாதாரக் கட்டுரை எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கடன் கேட்டவர்கள் சீட்டாடிகள் அல்ல. நகைக்கடனைத் தவணை தவறாமல் திருப்பியவர்கள், ரசீதை மடித்துப் பத்திரமாக வைப்பவர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் புது ஜீப் வாங்கியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வந்தார்கள். சாட்சி பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போது நிதானமான ஆளும் நம்பத்தான் செய்வார். சூதாடியைவிடக் குடும்பஸ்தனைத்தான் இப்படிப்பட்ட விலைக் குமிழி அதிகமாகப் பிடிக்கிறது.

இதே மலையில் இதற்கு முன்பு வனிலா வந்தது. 2000இல் மடகாஸ்கரைப் புயல் அடித்தது, அடுத்து அங்கே அரசியல் குழப்பம். உலகமெங்கும் வனிலா விலை எகிறியது. இடுக்கி, வயநாடு, குடகுப் பக்கமெல்லாம் மிளகுக்கொடியோடு வனிலாக்கொடியும் ஏறியது. ராத்திரியில் திருடு போகாமல் இருக்கக் காவல் போட்டார்கள். 2004க்குப் பிறகு காவலுக்கும் வேலையில்லை, கொடிக்கும் மதிப்பில்லை. பெருந்துறைப் பக்கம் 2012இல் ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்தது மோசடி வழக்கு. வனிலாவில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால்தான் வனிலாவைப் பார்த்து அதிகம் பயப்பட வேண்டும். வனிலாவில் கை சுட்டுக்கொண்ட அதே மலை, பதினைந்து வருடத்தில் 7,000 ரூபாயை நிரந்தரம் என்று நம்பியது.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். உங்கள் வீடுகளில் இன்றைய ஏலக்காய் அதுதானே.

2025 செப்டம்பரில் எச்-1பி வேலை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் ஆணை போட்டார். இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே முடிவு: ஒரு கிறுக்கு மனிதர் வந்தார், கதவைச் சாத்தினார், அவர் போனதும் திறந்துவிடும்.

நான் அப்படி நினைக்கவில்லை. சாத்திய கதவுதான் அமெரிக்காவின் பழைய வழக்கம். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு அது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கு, இந்தியர் என்பதால் குடியுரிமை கிடையாது என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் வந்த சட்டம் ஆசியர்களுக்கான வாசலை ஏறக்குறைய முழுதாக அடைத்தது. 1965இல்தான் திறந்தார்கள். உங்கள் ஒன்றுவிட்ட மாமாவும் பக்கத்துத் தெரு அண்ணனும் போனது அந்த அறுபது வருட இடைவெளியில். அந்த இடைவெளியையே நாம் அமெரிக்கா என்று நினைத்துக்கொண்டோம்.

திறந்த கதவிலும் ஒரு சங்கிலி உண்டு. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஒரு வருடத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே ஏழு, சின்னஞ்சிறு தீவுக்கும் அதே ஏழு. கிளின்டன், புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். அந்த ஏழு நகரவில்லை. கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டும் என்று அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயிலில் நாம் அபிஷேகம் செய்தோம். அவர் நான்கு வருடம் துணை அதிபராகவே இருந்தார். அப்போதும் ஏழு ஏழாகவேதான் இருந்தது. சாமியைக் குறை சொல்லவில்லை. நாம் தப்பான அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அமெரிக்க அரசியல் அமெரிக்க வாக்காளருக்காக நடக்கிறது. டிரம்ப் சீனாவுக்குப் போட்ட வரியை பைடன் எடுக்கவில்லை. மின்சார வண்டிக்கு 100 சதவீதமாக ஏற்றினார். 2025 நவம்பரில் காபி, தேயிலை, வாழைப்பழம், மசாலாப் பொருள்களுக்குப் பரஸ்பர வரியிலிருந்து விலக்குக் கொடுத்தவர் அதே டிரம்ப்தான். நம் மேல் இரக்கப்பட்டு அல்ல; அங்கே மளிகைக்கடை ரசீதைப் பார்த்து வாக்காளர்கள் முகம் சுளித்தார்கள்.

இந்த அரசியல் நம் ஏலக்காயையும் தொட்டிருக்கிறது. உலகச் சந்தையில் நமக்குப் போட்டி குவாத்தமாலா. முதல் உலகப் போர் காலத்தை ஒட்டி, ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலச்செடியை அங்கே ஆல்டா வெராபாஸ் மலைகளுக்குக் கொண்டுபோனார். அந்த ஊர்க்காரர்கள் ஏலக்காயைச் சமையலில் சேர்ப்பது அபூர்வம். விளைவதெல்லாம் கப்பலேறி அரபு நாட்டுக் காபிக்குப் போகிறது. 1980களில் அவர்கள் நம்மை முந்தினார்கள். இன்று அங்கே காய்ப்புக் குறைந்தால் போடியில் விலை ஏறும், அங்கே காய்த்துக் கொட்டினால் இங்கே இறங்கும்.

அந்த ஜெர்மானியர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நெருக்குதலில் பலரைப் பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1944இல் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அந்த மண்ணில் இருந்தவர்கள், அங்குள்ள கோபான் நகரத்தை வளர்த்தவர்கள் என்ற கணக்கெல்லாம் எடுபடவில்லை. பிறகு 1952இல் ஹக்கோபோ ஆர்பென்ஸ் என்ற அதிபர் நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்தார். யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனத்தின் தரிசு நிலமும் அதில் போனது. 1954இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவரைக் கவிழ்த்தது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர்; சுமார் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் மாயா பழங்குடிகள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் தோட்டம் வெட்டுகிறார்கள், கூரை வேய்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் குவாத்தமாலாவின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவர்களைத்தான் இப்போது விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார்கள். நமக்குப் போட்டியான காயைப் பறிக்கும் குடும்பத்தின் கதை இது. போடி மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் அமெரிக்கத் தேர்தலைப் பார்க்க வேண்டும்.

"அப்படியென்றால் வெளிநாடே வேண்டாம், ஊரிலேயே இருங்கள் என்கிறீர்களா?" அதுவும் இல்லை. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களின் சொந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். ஊரிலேயே இருந்து பிழைத்த ஊர் அல்ல இது. விடிவதற்கு முன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டுத் தாண்டிக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தினமும் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். மொழி வேறு, காவல் நிலையம் வேறு, கூலிச் சட்டம் வேறு. நமக்கு அயலூர் போடிமெட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த அயலூரும் ஒரே நாளில் முகம் மாறியது. தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தோடு போனபோது, அங்கே பிறந்த தமிழர்கள் நின்ற இடத்திலேயே வெளியாட்கள் ஆனார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சண்டை முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். உங்களில் சிலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். நம் பக்கமும் சுத்தமில்லை. இங்கே மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. இதை நாமே செய்துவிட்டு, டெக்சாஸ்காரன் மட்டும் எப்போதும் பெருந்தன்மையாக இருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததையும் பாருங்கள். தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, பெம்பிளை ஒருமை என்று தாங்களே திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். 8.33 சதவீத போனஸோடு கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். கேரளத்தைத் தாண்டி, நாடே திரும்பிப் பார்த்தது. அயலூரில் வாழ்வது எப்படி என்று இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் நம் ஆட்கள் பொங்கல் விழாவுக்குக் கூடுகிற அளவுக்கு வேலைப் பிரச்சினைக்குக் கூடுவதில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் புகைப்படம் அனுப்புகிறார்கள்.

ஏலக்காயைப் போல ஏஐ துறையும் குமிழியா என்று உங்களில் பலருக்குச் சந்தேகம் இருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1990களின் கடைசியில் அமெரிக்க நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிக் கடலுக்கடியில் கேபிள் போட்டன. 2000க்குப் பிறகு பல திவாலாயின. அந்தக் கேபிள் மலிவாகக் கிடைத்ததால்தான் சென்னையிலும் பெங்களூரிலும் ஐடி வேலை பெருகியது, தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் தரமணிக்கு வேலைக்குப் போனார்கள். குமிழியில் முதல் போடுகிறவர் ஒருவர், உடைந்தபின் மலிவாக வாங்கிப் பயன்படுத்துகிறவர் வேறொருவர். இரண்டாமவராக இருக்கப் பாருங்கள்.

கடைசியாக என் பழைய மேஜைக்கு வருகிறேன். வெளிநாட்டுப் படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீடுகளில் ஈடு வைக்க இருப்பது பெரும்பாலும் குடியிருக்கும் வீடு, இல்லையென்றால் தாத்தா காலத்துத் துண்டு நிலம். படிப்புக்கட்டணம் டாலரில். 2011 நடுவில் 45 ரூபாயாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. அமெரிக்காவில் படித்து முடித்தால் ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பென்றால் மேலும் இரண்டு வருடம். அதற்குப் பிறகு எச்-1பி. அதற்கான வருட ஒதுக்கீடு மொத்தம் 85,000. நீங்கள் நல்ல மாணவரா என்பதைவிடக் குலுக்கலில் பெயர் விழுந்ததா என்பதுதான் இத்தனை வருடமும் முதல் கேள்வியாக இருந்தது. ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லமாட்டார். போன வருடம் போய்ச் சேர்ந்தவரின் கார் படத்தைக் காட்டுவார். அந்தக் கார்தான் இன்றைய 7,000 ரூபாய் லாட்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவோடு உட்காருங்கள். விசா கிடைக்காமல் மூன்றாம் வருடம் திரும்பி வந்தால், மதுரையிலோ சென்னையிலோ கிடைக்கும் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா என்று எழுதிப் பாருங்கள். முடியும் என்றால் தைரியமாகக் கிளம்புங்கள். முடியாது என்றால், தயவுசெய்து வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வேறு நாடு, வேறு படிப்பு, வேறு வருடம் பாருங்கள்.