மறைந்து நிற்கும் வெப்பம்



ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில் நான் ஒரு பிழை செய்தேன். வகுப்பில் நீரைக் கொதிக்கவைத்து அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தோம். பாதரசம் 100 பாகையில் நின்றுவிட்டது. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பாதரசமோ ஏறவில்லை. அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது?” என்று வினவினான். “நீர் 100 பாகையில் கொதிக்கும், அவ்வளவுதான், உட்கார்” என்றேன். உட்கார்ந்தான். அதன்பின் அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. அன்று அவனுக்குச் சொல்லத் தவறிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நீர்த் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அப்பிடியைத் தளர்த்தவும் அறுக்கவும் வெப்பம் செலவாகிறது. அது வெப்பமானியில் தெரியாது. அதனையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1 கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரியும், கொதிக்கும் நீர் 1 கிராம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 540 கலோரியும் வேண்டும்.

சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1842இல் அது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பெயர் அதனால் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பிரடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்குச் சென்ற முதற்கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதப் பயணத்திற்குப் பின்னும் சுமார் 100 டன் எஞ்சியது. வெப்பமண்டலக் கடலில் இது எவ்வாறு இயன்றது? பனிக்கட்டியைப் பொதிந்திருந்த பொருள் வெப்பத்தை எளிதில் உள்ளே விடவில்லை. சிறிது புகுந்தாலும், ஒவ்வொரு கிராமும் 80 கலோரி பெறாமல் உருகவில்லை.

இனி அடுக்களைக்கு வாருங்கள். இட்லியை வேகவைப்பது எது? ஆவி மீண்டும் நீராகும்போது, தான் வாங்கிய 540 கலோரியையும் மாவிடம் ஒப்படைக்கிறது. கொதிநீர் சுடுவதினும் ஆவி கடுமையாகச் சுடுவதும் இதனாலேயே. ஆகவே, மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மண்பானை இருக்கிறது. நுண்துளைகளின் வழியே கசியும் நீர், கொதிக்காமலே ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஆவியாதல் குறையும். பானையும் அவ்வளவாகக் குளிராது. நாளையே தொட்டுப் பாருங்கள்.

எங்கே போகிறது அந்த வெப்பம் என்று கேட்ட மாணவன், பாடத்தின் உயிர்நிலையையே தொட்டுவிட்டான். நீங்களும் அவ்வாறே கேளுங்கள். ஆசிரியர் உட்காரச் சொன்னாலும், விடை கிடைக்கும்வரை அந்த வினாவை விட்டுவிடாதீர்கள்.