மடியும் இருக்கையும்



மோட்டார் காரில் குழந்தையை அமர்த்தி வாரினால் பிணைப்பதற்கென்று ஒரு சிறு இருக்கை உண்டு. அதனை ஆகாய விமானத்திற்குள் எடுத்துச் செல்லலாமா? எடுத்துச் சென்றால், அது கைப்பையைப் போன்ற மற்றுமொரு மூட்டையா, அன்றி வேறொன்றா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்ட மாத்திரத்தில், விமான நிலையத்துச் சிப்பந்தி ஒருவர் விடை கூறி முடிக்க வேண்டிய சில்லறை வினாவாக இது தோன்றும். ஆயினும், குழந்தையின் உயிரைப் பற்றிய பெரிய வினா ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் மடிக்கு உள்ள மதிப்பை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காது குத்துவது தாய்மாமன் மடியில். சோறு உண்பது பாட்டியின் மடியில். உறங்குவது தாயின் மடியில். இவ்வாறு வளர்ந்த நம்மிடம், தாய்மடியைக் காட்டிலும் பத்திரமான இடம் ஒன்று உண்டு என்று எவரேனும் சொன்னால், நமக்குச் சினம் வருவது இயற்கையே. அன்பைப் பொறுத்தவரை நம் எண்ணத்தில் பிழையில்லை. ஆனால், விரைந்து செல்லும் ஊர்தியில் அன்போடு வலிமையும் வேண்டியிருக்கிறது. அந்த வலிமை மனிதக் கைகளுக்கு உண்டா என்பதைத்தான் ஆராய வேண்டும்.

ஆசிரியனாகப் பல்லாண்டுகள் வகுப்பில் நின்றவன் ஆதலால், ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓடும் பேருந்து சட்டென்று நின்றால், நிற்பவர்கள் முன்னே சாய்கிறார்கள். வண்டி நின்றாலும் அவர்கள் உடல் முன்னைய வேகத்திலேயே செல்ல முயல்வதுதான் காரணம். இந்த இயக்க விதியை நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தார். இக்காலத்து விமான இருக்கைகள், புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்குமாறு சோதிக்கப்பெறுகின்றன. அத்தகைய அதிர்ச்சி நேர்ந்தால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 160 கிலோ எடையுள்ளதைப் போல் முன்னே பாயும். ஒன்றரை மூட்டை நெல்லுக்கு மேற்பட்ட பாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இரு கைகளால் பற்றி நிறுத்தவல்லார் யார்? பயில்வானாலும் ஆகாது, பெற்ற தாயாலும் ஆகாது. கைக்கு வலுவில்லை என்பது அன்பில் குறையில்லை. அது இயற்கையின் விதி.

இதனை மிகுந்த துயரத்தின் வாயிலாக உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டில் நடந்தது. 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், டென்வர் நகரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் நடுவானில் பழுதுற்றது. வால்பகுதி எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து, விமானத்தைத் திருப்பும் கருவிகளுக்கு விசையூட்டும் எண்ணெய்க் குழாய்கள் யாவும் அறுந்தன. விமானிகள் அரும்பாடுபட்டு அதனை அயோவா மாநிலத்துச் சூ சிட்டி விமானத் தளம் வரை கொண்டுவந்தனர். இறங்கும்போது அது சிதறித் தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் மாண்டனர்.

அந்த விமானத்தில் தனி இருக்கையின்றி மடியில் வந்த குழந்தைகள் நால்வர் இருந்தனர். அக்குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு, அந்நாளைய விதியின்படி பெற்றோருக்கு அறிவித்தவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பெரியவர்களுக்கெல்லாம் வாரும் இருக்கையும் அளித்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத சிறு குழந்தைக்கு மட்டும் தரையைக் காட்டும் விதி என்ன விதி என்று அவர் மனம் குமுறியது. அதன்பின், மடிக் குழந்தைக்கும் தனி இருக்கையும் பிணைப்பும் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990-ஆம் ஆண்டில் இதனையே பரிந்துரைத்தது.

பரிந்துரை சட்டமாயிற்றா? இல்லை. இங்கே நாம் நடுநிலையோடு எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். குழந்தைக்கும் சீட்டு வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், செலவுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் புறப்பட்டுவிடும். சாலையிலோ விபத்து மிகுதி. ஆகவே வானத்தில் ஓர் உயிரைக் காக்கப் போய்ச் சாலையில் பல உயிர்களை இழக்க நேரும் என்று விமானத் துறையை ஆளும் அமைப்பு 2005-ஆம் ஆண்டில் கூறிக் கட்டாயத்தைக் கைவிட்டது. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், கட்டாயம் இல்லை என்று சொன்ன அதே அமைப்பு, குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் தாய்மடி அன்று, தக்க இருக்கையே என்று பெற்றோருக்கு இன்றும் அறிவுறுத்துகிறது. சட்டம் ஒன்றைக் கட்டளையிடவில்லை என்பதனால், அது வேண்டாத செயல் ஆகிவிடுமா?

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், போர்ட்லண்ட் நகரிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா நிறுவனத்து விமானம் ஒன்றில், பறந்துகொண்டிருக்கும்போதே கதவளவான அடைப்பு ஒன்று பெயர்ந்து வெளியே பறந்தது. அந்தத் திறப்பை ஒட்டிய இருக்கையில் நற்பேறாக எவரும் அமர்ந்திருக்கவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அந்த விமானத்திலும் மடிக் குழந்தைகள் மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் அந்த வரிசையில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போதே நெஞ்சம் நடுங்குகிறது. விபத்தே வேண்டுவதில்லை. காற்றின் கொந்தளிப்பில் விமானம் திடீரெனத் தாழ்ந்தாலும், கட்டப்படாத பொருள் யாவும் மேலே எழும். மடியிலுள்ள மழலையும் அதற்கு விலக்கன்று.

இனி, நடைமுறைக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி, இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துச் செல்லலாம். ஆனால், குழந்தைக்கென்று சீட்டு வாங்கினால், தகுதிச் சான்று பெற்ற கார் இருக்கையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மோட்டார் வண்டியிலும் விமானத்திலும் பயன்படுத்தத் தக்கது என்ற வாசகம் அவ்விருக்கையின் மேல் சிவப்பு எழுத்துகளில் இருத்தல் வேண்டும். அகலம் 16 அங்குலத்திற்கு மேற்படாதிருப்பின், பெரும்பாலான விமான இருக்கைகளில் அது பொருந்தும். பிறர் எழுந்து வெளியேறுவதற்குத் தடையாகாதபடி அதனைச் சன்னலோரம் வைப்பது வழக்கம். அவசர வாயில் உள்ள வரிசையில் வைக்கலாகாது. ஏறத்தாழ 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தையைப் பின்னோக்கியும், அதற்கு மேல் 18 கிலோ வரை உள்ள குழந்தையை முன்னோக்கியும் அமர்த்த வேண்டும். உயரத்தைக் கூட்டுவதற்கு மட்டும் பயன்படும் முதுகில்லாத மணைகள் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உதவா. இருக்கையைச் சுமக்க இயலாதவர்களுக்காக, தோளையும் மார்பையும் பிணைக்கும் கேர்ஸ் என்னும் வார்ப்பட்டை ஒன்று 2006-ஆம் ஆண்டு முதல் அங்கே அனுமதி பெற்றிருக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள குழந்தைக்கு அது ஏற்றது.

சீட்டு வாங்காதவர் நிலை என்ன? பக்கத்து இடம் காலியாக இருந்து, நிறுவனமும் இசைந்தால், இருக்கையை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் அது சரக்கறைக்குப் போகும். தலைக்கு மேலுள்ள அறைகளில் அது பெரும்பாலும் அடங்காது. சரக்கறையில் முட்டி மோதி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் விழவும் கூடும். பிற நாட்டு நிறுவனங்களின் விதிகள் வேறுபடும் ஆதலால், சீட்டு வாங்கும்போதே கேட்டு, விடையை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம்.

எழுத்தின் பயனை நான் நேரில் கண்டிருக்கிறேன். அமெரிக்காவில் வாழும் என் மகளோடும் பதினான்கு திங்கள் நிறைந்த பேரனோடும் நான் ஒருமுறை உள்நாட்டு விமானத்தில் பயணம் செய்தேன். வாயிலில் நின்ற அலுவலர், இருக்கையைக் கைச்சுமை என்று கருதிச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னார். என் மகள் குரலை உயர்த்தவில்லை. குழந்தையின் பெயரிலிருந்த சீட்டை முதலில் காட்டினாள். பின்னர் அந்தச் சிவப்பு எழுத்துகளைக் காட்டினாள். அவர் இரண்டையும் படித்துப் பார்த்தார், புன்முறுவலோடு வழிவிட்டார். அறிந்தவளுடைய பணிவுக்கு இருந்த ஆற்றலை அன்று கண்டேன்.

மகனுக்கோ மகளுக்கோ துணையாகக் கடல் கடந்து செல்லும் தாத்தா பாட்டிமார் நம் தமிழகத்தில் இன்று பலர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. இளைய பெற்றோர் குழந்தைக்குத் தனிச் சீட்டு வாங்கும்போது, ‘கைக்குழந்தைக்கு எதற்குத் தண்டச் செலவு?’ என்று தடை சொல்லாதீர்கள். வாரில் பிணைக்கப்பட்ட குழந்தை சற்று அழுதால், ‘அவிழ்த்து என்னிடம் கொடு’ என்று உடனே கை நீட்டாதீர்கள். கதை சொல்லுங்கள், கிலுகிலுப்பை ஆட்டுங்கள், பிஞ்சு விரலைப் பற்றிக்கொள்ளுங்கள். வாரைப் பிணைக்கச் சொல்லும் விளக்கு அணைந்து, விமானம் அமைதியாகப் பறக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சத் தடையில்லை. செலவு தாங்காத குடும்பங்களும் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இயன்றவர் அறியாமையால் தவறவிடலாகாது என்பதே என் கவலை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பெட்டி சுமை, பை சுமை, அவை தவறினால் வேறு வாங்கலாம். குழந்தையின் இருக்கை சுமையன்று. அது அக்குழந்தைக்கு உரிய இடம். மடி அன்பைத் தரட்டும். இருக்கை காவலைத் தரட்டும். இரண்டும் பெறுவதற்கு நம் குழந்தைகள் உரியவர்கள்.