நான்கு மணி நேரத் தூரம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறாய், அதைப் பற்றியே பேசு, ஏழு நிமிஷம்தான்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரின் அழகை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே அங்கிருந்து நம் தஞ்சாவூர் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியபோது காற்றை நம்பித்தான் பயணம். என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அவருடைய தாயார் இறந்த தந்தி அங்கே போய்ச் சேர்ந்தது. அவரால் இங்கே வந்து சேர முடியவில்லை. கடற்கரையில் மொட்டை போட்டு, முழுகிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனாராம். பின்னாளில் அந்தத் தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985 தீ விபத்தோடு நின்றுபோனது.

தாத்தாவோடு பார்த்தால் நான் கொடுத்து வைத்தவன். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பினால் திருச்சியில் இறங்கும்போது 11.30. இதை அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"ஒன்றரை மணி நேரமா? கும்பகோணம் பஸ்ஸுக்கு ஆகிற நேரம்தானேப்பா! அப்புறம் ஏன் நாலு வருஷமா வரலே?"

கணக்கை விளக்கினேன். விமான நிலையத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே போகணும். திருச்சியில் இறங்கி, பெட்டி எடுத்து, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர் நெரிசல், வெண்ணாற்றுப் பாலம் எல்லாம் தாண்டித் திருவையாற்றுப் பக்கம் நம்ம வீடு. வாசலுக்கு வாசல் பத்து மணி நேரம். அப்புறம் லீவு, பிள்ளைகளின் பரீட்சை, டிக்கெட் விலை...

"சரிப்பா, அறுப்பு முடிஞ்சாவது வா" என்றாள்.

அறுப்பு முடிவதற்குள் ஓர் இரவு தம்பியிடமிருந்து போன் வந்தது. காலை விமானத்தைப் பிடித்தேன். மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நின்றேன். எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். தாத்தாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அதற்கு விமானத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாலு வருஷமும் அதே விமானம் பறந்துகொண்டுதானே இருந்தது!

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வெளியூரில். மீதிப் பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் காத்திருப்பவர்களிடம் "வர்றேன், வர்றேன்"னு சொல்லாதீங்க. டிக்கெட்டை எடுத்துட்டுத் தேதியைச் சொல்லுங்க.