பழுதும் அறிகுறியும்

நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவை வால்வு உண்டு. தொட்டி நிரம்பினால் மூடிக்கொள்ளும்; நீர் குறைந்தால் திறக்கும். அது எப்படியெல்லாம் பழுதாகலாம்? மூடியபடியே இறுகிவிடலாம். அப்போது சிறிது நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோகும். திறந்தபடியே நின்றுவிடலாம். அப்போது தொட்டி நிரம்பி வழியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் குழாய் அடைபட்டாலும் தண்ணீர் நின்றுபோகும். அறிகுறி ஒன்று, காரணமோ இரண்டு.

ஓர் உறுப்பு எந்தெந்த வகையில் பழுதாகும், ஒவ்வொரு பழுதும் முழு அமைப்பில் என்ன அறிகுறியைக் காட்டும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பதைப் பழுதுவகைப் பகுப்பாய்வு என்பர். அமெரிக்க இராணுவம் 1949இல் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்தது.

இதன் அருமையை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் மிகுந்ததால் உலையின் வால்வு ஒன்று திறந்தது. அழுத்தம் தணிந்ததும் அது மூடியிருக்க வேண்டும்; மூடவில்லை. வால்வைத் திறக்கும் மின்சாரம் நின்றதும் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினர். அந்த விளக்கு காட்டியது கட்டளையை மட்டுமே. வால்வின் உண்மை நிலையை அது அறியாது.

உலை நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. எஞ்சிய நீர் கொதித்து, நீராவிக் குமிழிகள் நீரை மேலே தள்ளின. அதனால் அழுத்தக் கலனில் நீர்மட்டம் உயர்ந்தது. நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி, அவசரமாகப் பாய்ந்துகொண்டிருந்த குளிர்விக்கும் நீரையும் அவர்கள் குறைத்தனர். வால்வின் வெளிக்குழாய் சூடேறியிருந்தது. முன்பே இருந்த சிறு கசிவினால் என்று அதையும் ஒதுக்கிவிட்டனர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தே அவ்வழி அடைக்கப்பட்டது. அதற்குள் கேடு முற்றிவிட்டது. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. அந்த உலை மீண்டும் இயங்கவே இல்லை.

நேயர்களே, வால்வு பழுதாகும் என்று அறிந்தால் மட்டும் போதாது. அப்பழுது பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும், வேறு எதுபோல் தோன்றி ஏமாற்றும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கட்டளையைக் காட்டும் விளக்கை நம்பாமல், நிலையைக் காட்டும் விளக்கைப் பொருத்த வேண்டும். உயிர்களைக் காக்கும் பொறியியல் அங்கேதான் தொடங்குகிறது.