வில்லன் திருந்தினால் பழைய பாக்கி என்னாகும்?



படக்கதை என்றாலே சிறு பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஆனால், அமெரிக்காவின் எக்ஸ்-மென் படக்கதைகளைப் படித்து வளர்ந்து, இன்று தலை நரைத்துவிட்ட இரசிகர்கள் இன்னமும் விடாமல் வாதாடும் ஒரு கேள்வி இருக்கிறது. நியூயார்க்கின் மேன்ஹாட்டனைக் கைப்பற்றி, மனிதர்களை எரிகூடங்களுக்கு ஓட்டிச் சென்றது மேக்னீட்டோவா, இல்லையா?

மேக்னீட்டோ, உலோகங்களை ஆட்டிப் படைக்கும் சக்தி கொண்டவன். 1963-இல் ஸ்டேன் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் முதல் இதழிலேயே அவனை வில்லனாக நிறுத்தினார்கள். அப்போது அவனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. உலகை ஆளப் போகிறேன் என்று முழங்குவதுதான் வேலை. 1975-இல் எழுதும் பொறுப்பை ஏற்ற கிறிஸ் கிளேர்மான்ட்தான் பின்னாளில் அவனுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். 1981-இல் வந்த 150-ஆம் இதழில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் வளர்ந்தவன் அவன் என்று தெரிய வருகிறது. அதே இதழில்தான் அவன் ஒரு சோவியத் நீர்மூழ்கியை ஆட்களோடு கடலுக்குள் மூழ்கடிக்கிறான். எதிர்த்து வந்த கிட்டி பிரைட் என்ற பள்ளி வயதுப் பெண்ணையும் வீழ்த்துகிறான். அவள் யூதப் பெண். கீழே கிடப்பவள் சின்னப் பெண் என்று கண்டதும் அவன் கை நின்றுவிடுகிறது. தன் இனத்தை அழித்தவர்கள் செய்ததைத்தான் தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைக்கிறது.

அதோடு மன்னித்துவிட்டார்களா என்றால், இல்லை. 1985-இல், 200-ஆம் இதழில், பாரிஸ் நகரில் அவன்மீது விசாரணை நடக்கிறது. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முன்பு, 1974-இல் வந்த வேறொரு கதையில், மேக்னீட்டோவைக் கைக்குழந்தையாக மாற்றியிருந்தார்கள். 1977-இல் மீண்டும் வளர்ந்த மனிதனாக்கினார்கள். அந்தக் குழந்தைப் பருவத்தை மறுபிறவி என்று எடுத்துக்கொண்ட நீதிமன்றம், அதற்கு முந்திய குற்றங்களையெல்லாம் வழக்கிலிருந்து நீக்கிவிடுகிறது! மளிகைக் கடை 555 புத்தகம் தொலைந்துபோய், கடைக்காரர் புதுப் புத்தகத்தில் பாக்கி இல்லை என்று எழுதியதைப் போல. ஆனால், நீர்மூழ்கிக் கணக்கு மறுபிறவிக்குப் பிந்தியது. அது நிற்கிறது. தீர்ப்பு வருவதற்குள் எதிரிகள் புகுந்து விசாரணையைக் கலைத்துவிட, பேராசிரியர் சேவியர் தம் பள்ளியை நம்பி அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். நேற்றைய எதிரி இன்று தலைமையாசிரியர். இஸ்ரேலியப் பிரதமர் மெனாகெம் பெகினை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரத்தை வளர்த்ததாகக் கிளேர்மான்ட் சொல்லியிருக்கிறார். பிரிட்டிஷார் பயங்கரவாதி என்று தேடிய ஆள் அவர். 1978-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1991-இல் எக்ஸ்-மென் புதிய முதல் இதழ் வெளிவந்தது. எண்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, கின்னஸ் சாதனையாகப் பதிவான இதழ் அது. அதில் மேக்னீட்டோ மறுபடியும் எதிரி. அவன் திருந்தியதுகூட, குழந்தையாக இருந்தபோது ஒரு விஞ்ஞானி அவன் மரபணுவில் கைவைத்ததால்தான் என்ற சந்தேகம் கிளப்பப்படுகிறது. நல்ல வேளையாக, மூன்றாம் இதழிலேயே அது உடைகிறது. தன் சக்தியைப் பயன்படுத்தும்போது அந்த மாற்றம் நிற்காது, ஆகவே நல்லதும் கெட்டதும் அவனே தேர்ந்துகொண்டவை. அந்த இதழோடு கிளேர்மான்ட் விலகிவிட்டார்.

மேன்ஹாட்டன் விவகாரம் பத்தாண்டு கழித்து வருகிறது. 2001-இல் எழுத வந்த கிராண்ட் மோரிசன், ஸோர்ன் என்ற சாந்தமான பாத்திரத்தைக் கொண்டுவந்தார். இரும்பு முகமூடி, நோய் தீர்க்கும் கை, பள்ளியில் ஆசிரியர் வேலை. 2003-இல் முகமூடி கழன்றது. உள்ளே மேக்னீட்டோ! வாசகர்கள் திகைத்துப் போனார்கள். ஆஷ்விட்ஸில் வளர்ந்தவன் மனிதர்களை எரிகூடத்துக்கு அனுப்புகிறான். கதாநாயகி ஜீன் கிரேயைக் கொல்கிறான். வுல்வரின் அவன் தலையை வெட்டுகிறான்.

ஒரு சாராருக்கு இது துரோகம். இருபது ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மனிதனைப் பிசாசாக்கிவிட்டாரே என்றார்கள். மறுசாரார், கொள்கை பேசும் பயங்கரவாதி கடைசியில் இப்படித்தான் வந்து நிற்பான், அவனை அழகுபடுத்தியதுதான் தவறு என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எழுதியதை எழுதியபடியே விட்டிருந்தால் அது நல்ல விவாதமாக வளர்ந்திருக்கும்.

விடவில்லை. 2004-இலேயே, வேறொரு படக்கதையில் மேக்னீட்டோ உயிரோடு காட்சி தந்தான். அப்படியென்றால் தலை போனது யாருக்கு? அது வேறொருவன், மேக்னீட்டோவாக நடித்தவன் என்றார்கள். போதாததற்கு ஸோர்னுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் வேறு. திரைப்பட இரட்டை வேடம் தோற்றது போங்கள்! நடந்த கதையின் பொருளைப் பின்னாளில் இப்படி மாற்றுவதை இரசிகர்கள் ரெட்கான் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குற்றவாளி விடுவிக்கப்பட்டான், ஜீன் கிரே விடுவிக்கப்படவில்லை. அவள் உயிரோடு திரும்பியது 2018 வாக்கில்தான். மேக்னீட்டோவுக்கோ தண்டனையும் இல்லாமல் போயிற்று, வருந்தித் திருந்தும் வாய்ப்பும் இல்லாமல் போயிற்று. செய்யாத குற்றத்துக்கு எவன் வருந்துவான்?

கதை முழுவதையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ரீபூட். டிசி நிறுவனம் 2011 செப்டம்பரில் அதைத்தான் செய்தது. 52 படக்கதைகள், எல்லாம் முதல் இதழ். புது வாசகன் ஐம்பது ஆண்டுச் சுமையைத் தூக்க முடியாது என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இருந்தாலும் டெர்ராவின் கதையைப் பாருங்கள். மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் டீன் டைட்டன்ஸ் குழுவுக்குள் நண்பியாக நுழைத்த பதின்ம வயதுப் பெண் அவள். 1984-இல் வந்த கதையில் அவளே ஒற்றர் என்று தெரிகிறது. ஏவியவன் டெத்ஸ்ட்ரோக் என்ற நடுவயதுக் கூலிப்படையாள். அவளிடம் அவன் வைத்திருந்த உறவும் தகாத உறவு. கடைசியில் அவள் செத்தாள். 1991-இல் அவனுக்குத் தனிப் படக்கதையே கிடைத்தது. சிறுமியைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டு ஆளை நாயகனாக்கினார்களே என்று வாசகர்கள், குறிப்பாகப் பெண் வாசகர்கள், கேட்கத் தொடங்கினார்கள். ரீபூட்டுக்குப் பிறகு 2012-இல் வந்த படக்கதையில் டெர்ரா நல்லவர்கள் பக்கம் நிற்கிறாள். அவள் பழி போனது நல்லதுதான். கூடவே அவன் பழியும் போயிற்று.

மார்வெல் நிறுவனம் 2019-இல் வேறு வழியில் போனது. ஜொனாதன் ஹிக்மேன் எழுதிய கதையில், எக்ஸ்-மென் இனத்தாருக்குக் கிரக்கோவா என்ற தீவு சொந்த நாடாகிறது. எல்லாருக்கும் பொது மன்னிப்பு. எதையும் துடைக்கவில்லை. செய்தது செய்ததாகவே இருக்க, கதவு மட்டும் திறந்தது. மேக்னீட்டோவுக்கு ஆளும் மன்றத்தில் இடம். காலங்காலமாக அழிவு செய்த அப்போகலிப்ஸுக்கும் இடம். மனிதரைக் கொல்லாதே என்று சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டத்தின் பேரில் முதலில் தண்டிக்கப்பட்டவன் சேபர்டூத். அவன் கொன்றது சட்டம் பிறப்பதற்கு முன்பு. அவனை மண்ணுக்கடியில் உயிரோடு புதைத்தவர்கள் வரிசையில் அப்போகலிப்ஸும் அமர்ந்திருந்தான்.

கிரக்கோவா கதை 2024-இல் முடிந்துவிட்டது. சேபர்டூத்துக்கு நடந்தது நியாயமா என்ற சண்டை மட்டும் இரசிகர்களிடையே இன்னும் முடியவில்லை.