ஹவாயின் மூன்று வாக்குகள்



1961 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளும் கூடியிருந்தன. அதிபர் தேர்தலில் மாநிலங்களின் தேர்வாளர்கள் அளித்த வாக்குகளை எண்ணும் நாள் அது. தலைமை தாங்கியவர் துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன். அந்தத் தேர்தலில் தோற்றவரும் அவரே. ஹவாயிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான சான்றிதழ்கள் வந்திருந்தன. முதல் எண்ணிக்கையில் அங்கே நிக்சன் 141 வாக்கு முன்னணியில் இருந்தார்; மறு எண்ணிக்கை முடிந்தபோது அவரை எதிர்த்து நின்ற கென்னடி 115 வாக்கு முந்திவிட்டார். நிக்சன் தம் கட்சித் தேர்வாளர்களை ஒதுக்கி, கென்னடியின் மூவரை எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்று அவையிடம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவான ஏறத்தாழ 6.88 கோடி வாக்குகளில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம். அலபாமாவின் வாக்குகளை எப்படிப் பிரிப்பது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். சிலரது கணக்கில் நிக்சனே முந்துகிறார். இன்றும் ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. நேரடித் தேர்தலாக இருந்திருந்தால் அத்தனை மாநிலங்களின் வாக்குப்பெட்டிகளும் மறு எண்ணிக்கைக்கு வந்திருக்கும். தேர்வாளர் முறையில் 303-க்கு 219 என்று முடிவு ஐயமின்றி நின்றது. ஹவாயின் தகராறு ஹவாயோடு முடிந்தது. 2000-இல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்துக்காக முப்பத்தைந்து நாள் நீடித்த போராட்டமும் அந்த ஒரு மாநிலத்தின் வாக்குகளைப் பற்றியதாகவே இருந்தது. வயலில் ஒரு பாத்தி உடைந்தால் வரப்பு தண்ணீரை அங்கேயே தடுத்து நிறுத்துகிறது. மாநிலத் தேர்வாளர் முறையை நான் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இந்த வரப்பு.

இந்த முறையின் பிறப்பில் களங்கம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு மனம் வரவில்லை. 1787-இல் அரசமைப்பை வகுக்கப் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அடிமைகளுக்கு வாக்கில்லாத தென் மாநிலங்கள் அதில் பின்தங்கிவிடும் என்பதை மேடிசன் அறிந்திருந்தார். ஐந்து அடிமைகளை மூவராக எண்ணும் கணக்கு தென் மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர்களைத் தந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம் அந்தக் கணக்கை ஒழித்தது. எஞ்சி நிற்பது கூட்டாட்சியின் கணக்கு: கீழவை உறுப்பினர் எண்ணிக்கையோடு செனட்டின் இரண்டும் சேர்ந்து ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள். தலைநகரின் மூவரையும் கூட்டினால் 538. வெல்ல 270 வேண்டும்.

இதனால் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3, ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. ஒரு வயோமிங் குடிமகனின் வாக்குக்கு மூன்றரை மடங்குக்கும் மேல் எடை. இது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் செனட்டில் இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. மாநிலங்கள் சேர்ந்து அமைத்த ஒன்றியத்தில் மாநிலம் என்பதற்கே ஒரு மதிப்பு வேண்டும் என்ற உடன்பாட்டின் விலை அது. நமக்கும் இந்தக் கவலை புதிதன்று. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176; உத்தரப் பிரதேசத்தில் 208. இரண்டும் 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்பட்டவை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே குரலிழக்கக் கூடாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

2000-இலும் 2016-இலும் நாடு முழுவதும் கூடுதல் வாக்கு பெற்றவர் தோற்றார். இதில் மக்களுக்கு எழும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. மாநிலத்தில் முந்தியவருக்கே அத்தனை தேர்வாளர்களும் என்ற விதி அரசமைப்பில் எங்கும் இல்லை. அந்தந்த மாநிலச் சட்டமன்றம் வகுத்துக்கொண்டது. மெய்னும் நெப்ராஸ்காவும் தொகுதிவாரியாகப் பிரித்துத் தருகின்றன. கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சியினர், டெக்சாஸின் ஜனநாயகக் கட்சியினர் என லட்சக்கணக்கானோரின் வாக்கு வீணாவது அந்த விதியால்தான். தொகுதி எல்லைகளைக் கட்சிகள் தம் வசதிக்கேற்ப வளைக்கும் நாட்டில் தொகுதிவாரி முறை போதாது. மாநிலத்துக்குள் வாக்கு விகிதப்படி பிரிப்பதே சரி என்பது என் கருத்து. அப்போதும் யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் தேர்வு கீழவைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரே வாக்கு. 1824 தேர்தலில் அப்படி முடிவு கீழவைக்குப் போன விபரீதத்தை எப்படித் தவிர்ப்பது என்பதற்கு என்னிடம் நிறைவான விடை இல்லை. இந்த அவையில் அது பிறக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் கருத்தரங்கின் முதல் கட்டுரை என் நிலைப்பாட்டை மறுப்பதாக இருக்கட்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன். இசைந்தார்கள். நேரடித் தேர்தலுக்காக வாதாட வந்திருக்கும் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.